எக்ஸ்எஸ்எல்டியைக் கொண்டு தரவைச் செயலாக்குவது எப்படி?

குறிச்சொற்களால் தரவை அமைக்கும் எக்ஸ்எம்எல் ஆவணத்தை வலைப்பக்கமாக மாற்றிக் காட்டுவதற்கு மட்டுமே, அத்தகைய ஆவணங்களை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி (XSLT) பயன்படும் என்று பலர் கருதினாலும், தரவைத் தொகுக்கவும் கணக்கிடவும் அது நன்றாகவே உதவுகிறது. விற்பனைப் பதிவுகள் கொண்ட கோப்பிலிருந்து பொருள்வாரியாக மொத்தத் தொகை வேண்டுமெனில், 2007இல் வெளியான 2.0 பதிப்பின், பதிவுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் ஃபார்-ஈச்-குரூப் கட்டளையில் பொருளின் பெயரைக் குரூப்-பை பண்பாகக் கொடுத்து, உள்ளே கரன்ட்-குரூப் தரும் அந்தந்தக் குழுவின் பதிவுகளின் தொகைகளைச் சம் சார்பால் கூட்டினால் போதும். 1999இன் 1.0 பதிப்பில் இதையே கீ (பதிவுகளை ஒரு மதிப்பைக் கொண்டு தேட உதவும் சுட்டி) வழியாகச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டியிருக்கும். 2.0 பதிப்பில், தொகை காலியாக உள்ள ஒரே ஒரு பதிவுகூடக் கணக்கைப் பிழையுடன் நிறுத்திவிடும் என்பதால், அவற்றை முன்பே வடிகட்டுங்கள். விளைவை முதலில் எளிய எக்ஸ்எம்எல்லாக எழுதி, அட்டவணையும் வண்ணமும் சேர்க்கும் வேலையை இரண்டாவது ஸ்டைல்ஷீட்டிடம் (எக்ஸ்எஸ்எல்டி விதிகள் அடங்கிய கோப்பிடம்) விட்டுவிடுவதே, என் அனுபவத்தில், பிழை தேடுவதை மிகவும் எளிதாக்குகிறது.