சிசேரியன் ஆபரேஷன் தியேட்டரில் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிக் கவனிப்பது யார்? ஆள் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் நாலைந்து பேர் நிற்பார்கள். குழந்தைக்கு யார் என்று கேட்டால் சாமான் எடுத்துக் கொடுக்கும் நர்ஸைக் காட்டுவது வழக்கம். முதல் தவறு இதுதான். தாய்க்கு ரத்தப்போக்கு கூடினால் மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடுவது அதே நர்ஸ். மயக்க மருந்து டாக்டரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஸ்பைனலுக்கு (முதுகில் போடும் மயக்க ஊசி) பின் தாயின் பிரஷர் இறங்கினால் அவர் நகர முடியாது.

ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மூச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவர், வேறு எந்த வேலையும் இல்லாமல் வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் மேடை) அருகே நிற்க வேண்டும். மாதம் நிறையாத குழந்தை, பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்தது, தாய்க்கு முழு மயக்கம், குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து அவசரமாக எடுப்பது என்றால் இருவர். நெஞ்சை 3 முறை அழுத்தி 1 மூச்சு என்ற கணக்கை ஒருவரால் செய்ய முடியாது. இரட்டையா, இரண்டு அணி.

“குழந்தை டாக்டர் போனில் இருக்கிறார்” என்பது அடுத்த தவறு. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சைத் தொடங்க உதவி தேவைப்படும். துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு வராவிட்டால் பையை அழுத்தத் தொடங்குவது வரை இருப்பது 60 நொடிதான். கத்தி வைக்குமுன்பே குழந்தை டாக்டருக்குப் போன் போக வேண்டும். எத்தனை ஆள் தேவை என்று தெரிய, குமுளி மலை இறக்கத்தில் கேரளத்து வண்டிப்பெரியாறு தோட்டத்திலிருந்து ஸ்கேன் தாள் இல்லாமல் வரும் தாயிடமும் எத்தனை வாரம், ஒன்றா இரண்டா, நீர் உடைந்ததா, என்ன நிறம் என்று கேட்டுவிடலாம்.

இந்தத் தியேட்டர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். அதனால் பையை அழுத்துவது யார், துடிப்பை எண்ணுவது யார் என்று பெயர் சொல்லி முன்பே பிரித்துவிடுங்கள்.

குழந்தையை வாங்குபவரே சாமானையும் பார்க்கட்டும். மாஸ்க் 0, 1 என்ற இரண்டு அளவும் வேண்டும். பையை உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். இதயத்துடிப்பைத் தூண்டும் அட்ரினலின் மருந்தின் ஆம்பூல் 1:1000-ல் வரும். 1 மில்லியோடு 9 மில்லி சலைன் சேர்த்தால்தான் குழந்தைக்குரிய 1:10,000. இதை அவசரத்தில் கலக்கும்போதுதான் பிசகும். ஏசியை 25 டிகிரிக்கு ஏற்றச் சொல்வதும் அவர் வேலையே.

குழந்தை அழுதுவிட்டது என்று கலைந்துவிடுவதும் தவறு. வலி வருமுன் எடுத்த குழந்தைக்கு நுரையீரல் நீர் வற்றத் தாமதமாகி, சிறிது நேரம் கழித்து மூச்சு வாங்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டுகிறதா என்று எண்ண ஆள் வேண்டும். தேனி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப நேர்ந்தால், ஆம்புலன்ஸில் ஏறுவது பெரும்பாலும் பை பிடிக்கத் தெரிந்த அந்த ஒரே நர்ஸ்தான். அவருக்கு மாற்று ஆள் வராமல், தள்ளிப்போடக்கூடிய அடுத்த கேஸைத் தொடங்காதீர்கள்.