கடற்கரை ஊரில் டேனிங் கடை: விளக்கு வேண்டாம், ஸ்ப்ரே போதும்

ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் பக்கம் டேனிங் கடை, அதாவது தோலைப் பழுப்பாக்கும் கடை, போட நினைக்கிறீர்களா? அப்படியானால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புற ஊதா விளக்குப் படுக்கையை வைத்து இங்கே தொழில் செய்ய முடியாது. இந்த ஊர் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2014 டிசம்பர் 31-ஓடு அந்தப் படுக்கை வைத்த சோலாரியம் கடைகளுக்குத் தடை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-லேயே அந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மெல்போர்னில் கிளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய நிலையிலும் இந்தப் படுக்கைகளுக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்து 2007-ல் இறந்துபோனார். பழைய படுக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நமக்கு வேண்டியது ஸ்ப்ரே டேன், அதாவது பழுப்பாக்கும் திரவத்தை உடம்பில் தெளிப்பது. அந்தத் திரவத்தில் டிஹெச்ஏ என்று ஒரு சர்க்கரை வகைப் பொருள் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு அது சேர்ந்து பழுப்பாகும். கல்லில் தோசை சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வகை வேதிவினைதான், சூடு மட்டும் இல்லை. மேலடுக்கு உதிர உதிர நிறமும் போய்விடும், ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். இதைப் புரிந்துகொண்டால் தொழிலில் பாதி வந்துவிட்டது, ஏனென்றால் தோல் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படித்தான் நிறமும் வரும்.

கடற்கரை ஊரில் சிக்கலே அங்கேதான். ஆட்கள் நேராக மணலிலிருந்து எழுந்து வருவார்கள், உடம்பில் உப்பு, வியர்வை, சன்ஸ்கிரீன் எல்லாம் இருக்கும். நான் தொடங்கிய புதிதில், மறுநாள் அக்கா கல்யாணம் என்று ஒரு பெண் அப்படி வந்தாள். அவசரம் என்றாளே என்று துண்டால் மட்டும் துடைத்துவிட்டு அடித்துவிட்டேன். காலையில் படம் அனுப்பியிருந்தாள், தோள்பட்டையில் யாரோ சன்ஸ்கிரீன் தேய்த்துவிட்ட கை அப்படியே, ஐந்து விரலும் தெரிய, வெள்ளையாக இருந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு வழியே இல்லை. அன்றிலிருந்து முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறேன்: முந்தின நாளே முடி நீக்கி, உடம்பைத் தேய்த்துக் குளித்துவிடுங்கள், வரும் நாளில் லோஷன், டியோடரன்ட், சென்ட் எதுவும் வேண்டாம். கடையில் ஒரு ஷவர் வைத்துவிடுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. வெயிலில் சிவந்து கன்றிப்போன தோலோடு வந்தால் காசை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள், மூன்று நாளில் தோல் உரியும்போது நிறமும் திட்டுத்திட்டாக உரிந்து வரும். புதியவர்களுக்கு 24 மணி நேரம் முன்பே கையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள்.

அறை சிறிதாக இருந்தாலும் ஏசி, காற்றை வெளியே இழுக்கும் விசிறி இரண்டும் கட்டாயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே புழுக்கம் தாங்காது, வியர்த்தால் நிறம் கோடு கோடாக இறங்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது கிளம்பும் புகை மூக்குக்குள் போகக் கூடாது. வருபவருக்கு மூக்கு ஃபில்டரும் உதட்டுக்கு பாமும் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். நாள் முழுக்க அடிக்கும் நீங்கள் மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள்.

அடிக்கும்போது ஸ்ப்ரே துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் கையை ஓட்ட வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சொட்டும். முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு இங்கெல்லாம் தோல் தடிப்பும் வறட்சியும் அதிகம், நிறத்தைக் கூடுதலாக இழுக்கும். அதனால் முன்கூட்டியே லேசாக கிரீம் தடவுங்கள். விரல்களைக் கொக்கி போல் மடக்கச் சொல்லிப் புறங்கையில் மெல்லிசாக ஒரே ஓட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், ஆரஞ்சு உள்ளங்கை ஒன்று போதும் கடை பேர் கெட. ஓர் உடம்புக்கு 50 முதல் 60 மில்லி ஆகும். வெளுத்த, புள்ளி விழுந்த தோலுக்கு 8 சதவீத டிஹெச்ஏவே போதும், மாநிறத்துக்கு 12 வரை போகலாம். "இன்னும் கருப்பாக" என்று கேட்பார்கள், முதல் தடவை சம்மதிக்காதீர்கள்.

அப்புறம் தளர்வான கருப்பு உடையில் அனுப்புங்கள், எட்டு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. முதல் குளியலில் பழுப்புத் தண்ணீர் ஓடும், அது மேல்பூச்சு நிறம்தான் என்று முன்பே சொல்லாவிட்டால் பயந்துபோய் ராத்திரி போன் பண்ணுவார்கள். குளோரினும் கடல் தண்ணீரும் நிறத்தைச் சீக்கிரம் அழிக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். முக்கியமாக, இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. உலகிலேயே மெலனோமா மிக அதிகமாக வரும் இடங்களில் குயின்ஸ்லாந்தும் ஒன்று. குளித்த பிறகு கடலுக்குப் போனால் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், சீட்டில் அச்சடித்தால் யாரும் படிப்பதில்லை.

வியாழன், வெள்ளிதான் கூட்டம். நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயம், மாதக் கடைசியில் ஸ்கூலிஸ் என்று பள்ளி முடித்த பிள்ளைகள் இங்கே சர்ஃபர்ஸ் பாரடைஸ் கடற்கரையில் வந்து குவிவார்கள். திறந்து நாளான திரவம் மங்கிவிடும், ஆகவே அக்டோபர் கடைசியில் பழைய பாட்டில்களைக் கழித்துவிட்டு புதிதாக வாங்கி, வெயில் படாத குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள்.