பெட்ரோல் விலை ஏறும்போது வீட்டுக் கணக்கு எழுதுவது எப்படி? லிட்டரிலிருந்து தொடங்குங்கள்

சென்ற மாதக் கடைசியில் சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து என் தங்கை அழைத்தாள். "அக்கா, பெட்ரோலுக்கு மட்டும் 58 வெள்ளி கூடப் போயிருக்கிறது. விலைவாசி இப்படி ஏறினால் எப்படிச் சமாளிப்பது?" வீட்டுக் கணக்கு எழுதுகிறாயா என்று கேட்டேன். எழுதுகிறாளாம். பெட்ரோல் 308, மளிகை 540, மின்சாரம் 120 என்று எல்லாமே வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில். மூன்று ஆண்டுகளாக ஒரு மாதம் கூட விடாமல் எழுதியிருக்கிறாள். அந்த உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் ஏறியது விலையா, தன் வீட்டுப் பயன்பாடா என்று அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கை மாற்றி எழுதினோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் கைபேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

முதல் படி: அளவு, விலை, தொகை

பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதலில் எவ்வளவு வாங்கினோம் என்ற அளவு, அடுத்து ஒன்றின் விலை, கடைசியில் தொகை. பெட்ரோலுக்கு லிட்டர், மின்சாரத்துக்கு யூனிட், தண்ணீருக்குக் கனமீட்டர், அரிசிக்குக் கிலோ. இவை எல்லாமே ரசீதிலும் மாதக் கட்டணப் பட்டியலிலும் அச்சாகி வருகின்றன. நாம்தான் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறோம். பெட்ரோல் விலையை எழுதும்போது பலகையில் காட்டும் விலையை எழுதாதீர்கள். கடன் அட்டை, உறுப்பினர் அட்டைத் தள்ளுபடிகள் எல்லாம் கழிந்து நீங்கள் கட்டிய தொகையை லிட்டரால் வகுத்து வருவதை எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஏற்றத்தை இரண்டாகப் பிரிப்பது

இங்கே சற்று நிதானமாக வாருங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

தங்கையின் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தோம். முன்பு மாதம் 100 லிட்டர், லிட்டர் 2.50 வெள்ளி, ஆக 250. இப்போது 110 லிட்டர், லிட்டர் 2.80 வெள்ளி, ஆக 308. வித்தியாசம் 58.

முதலில் பழைய அளவையே வைத்துக்கொண்டு விலை ஏற்றத்தால் பெருக்குங்கள். 100 லிட்டர், 30 காசு: 30 வெள்ளி. இது விலைவாசி செய்தது. அடுத்து, கூடுதலாக வாங்கிய அளவைப் புதிய விலையால் பெருக்குங்கள். 10 லிட்டர், 2.80: 28 வெள்ளி. இது வீட்டில் நடந்தது. இரண்டையும் கூட்டினால் 58 சரியாக வந்துவிடும்.

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. முழுப் பழியும் பெட்ரோல் நிலையத்தின் மேல் விழுந்திருந்தது; அதில் ஏறக்குறைய பாதி அவளுடைய காரின் ஓட்டம். 30 வெள்ளியை அவளால் மாற்ற முடியாது. 28 வெள்ளியை மாற்றலாம்.

மூன்றாம் படி: லிட்டருக்குள் என்ன இருக்கிறது?

மாற்ற முடியாத பகுதியையும் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் கச்சா எண்ணெய் இறங்கிய செய்தியைப் படித்துவிட்டு வீணாக ஏமாறுவோம். 2021 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரில் 92, 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசும், 98 மற்றும் அதற்கு மேற்பட்ட ரகங்களுக்கு 79 காசும் பெட்ரோல் வரி. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் காசு மாறாது. அதன் மேல் பொருள் சேவை வரி. அது 2023 ஜனவரியில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் உயர்ந்தது.

95 ரகம் லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதில் பொருள் சேவை வரி சுமார் 23 காசு, பெட்ரோல் வரி 66 காசு. மீதமுள்ள 1.91 வெள்ளியில்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, நிலையத்தின் செலவு, லாபம் எல்லாம் அடங்கும். அதனால் கச்சா எண்ணெய் பத்து விழுக்காடு இறங்கினால் பெட்ரோல் நிலையத்திலும் பத்து விழுக்காடு இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காம் படி: கார் இல்லாத வீடுகளும் இதை எழுத வேண்டும்

கார் வைத்திருப்பவர்களின் கவலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயுவின் விலை ஒப்பந்தப்படி எண்ணெய் விலையோடு கட்டப்பட்டது. மின்கட்டண விகிதத்தை மின்சார நிறுவனமான எஸ்பி குழுமம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கிறது. எனவே எண்ணெய் விலை கொஞ்சம் தாமதமாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குளிர்பதனப் பெட்டி வழியாகவும் உள்ளே வந்துவிடும்.

மின்சாரத்தையும் பெட்ரோலைப் போலவே பிரித்துப் பாருங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு கட்டணப் பட்டியலில் யூ-சேவ் என்ற அரசாங்கத் தள்ளுபடி கிடைக்கும். அந்த மாதங்களில் தள்ளுபடிக்கு முந்தைய தொகையை எழுதுங்கள். கழித்து எழுதினால் விகிதம் குறைந்துவிட்டதைப் போல நோட்டில் தோன்றும்.

சாப்பாட்டு விலை அவ்வளவு நேரானது அன்று. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால் போக்குவரத்துச் செலவு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் எல்லா ஏற்றத்துக்கும் எண்ணெய் காரணம் இல்லை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை போட்டது. தேக்கா சந்தையில் வெங்காய விலையைப் பார்த்துவிட்டு, வாங்கும் அளவைக் குறைத்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் வீட்டுக்கென்று ஒரு கூடை

நீங்கள் தவறாமல் வாங்கும் பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். தங்கையின் கூடையில் பொன்னி அரிசி 5 கிலோ, பெரிய வெங்காயம், சமையல் எண்ணெய், பால், முட்டை, கோழி, துவரம் பருப்பு, உணவங்காடித் தேநீர், ஒரு லிட்டர் பெட்ரோல், பத்து யூனிட் மின்சாரம். மாதத்தின் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகையின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டலம் சிறியதாகி விலை அப்படியே இருக்கும் தந்திரம் அடிக்கடி நடப்பதால், எடையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் மாதம் கூடை 80 வெள்ளி, ஆறு மாதம் கழித்து 83.60 என்றால், 3.60ஐ 80ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 4.5 விழுக்காடு. இது உங்கள் வீட்டின் பணவீக்கம்.

செய்தியில் வரும் எண் இதிலிருந்து வேறுபட்டால் குழம்ப வேண்டாம். சிங்கப்பூரில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒட்டுமொத்தப் பணவீக்கத்தில் பெட்ரோலும் கார் விலையும் வாடகையும் உண்டு. சிங்கப்பூர் நாணய ஆணையம் கவனிக்கும் மூலாதாரப் பணவீக்கத்தில் தனியார் போக்குவரத்தும் குடியிருப்புச் செலவும் கிடையாது. ஆகவே கார் ஓட்டுகிறவர் மூலாதார எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. கார் இல்லாதவருக்கோ அதுதான் தன் வீட்டுக்கு நெருக்கமான எண். ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2022இல் 6.1 விழுக்காடு, 2023இல் 4.8. எண் குறைந்தது, விலை குறையவில்லை: 2021இல் 100 வெள்ளிக்கு வாங்கியது 2023இல் சுமார் 111 வெள்ளி.

ஆறாம் படி: மிச்சம் பிடிக்கும் இடம்

பயனீட்டாளர் சங்கம் நடத்தும் 'ஃபுயல் காக்கி' இணையத்தளத்தில் நிலையங்களின் விலையையும் தள்ளுபடிகளையும் ஒப்பிடலாம். ஆனால் மலிவைத் தேடித் தொலைவு போகாதீர்கள். லிட்டருக்கு 5 காசு குறைவு, 40 லிட்டர் என்றால் மிச்சம் 2 வெள்ளி. அதற்காகப் போய்வர 12 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காரில் ஒரு லிட்டர், அதாவது 2.80 வெள்ளி தீர்ந்துவிடும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் போடும் யோசனையும் இப்படித்தான். சிங்கப்பூர் வண்டி உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம். அங்கே மலிவான ரோன் 95 ரகப் பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது.

அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளை வரவுப் பக்கத்தில் எழுதுங்கள். 2025 மே மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு 500 வெள்ளி கிடைத்தது. பாதி உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிகளுக்கும். அதை மளிகைச் செலவிலிருந்து கழித்து எழுதிய வீடுகளில், சீட்டு தீர்ந்த மாதம் பெரிய அதிர்ச்சி வந்திருக்கும். உண்மையில் விலை முன்பே ஏறியிருந்தது.

தங்கையின் 10 லிட்டர் எங்கே போனது என்று கடைசியாகத் தேடினோம். மகளின் சனிக்கிழமை நடன வகுப்பு அங் மோ கியோவில். கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்பி, மறுபடி அழைத்துவரப் போய்த் திரும்புவது: ஒரு நடை போய்வர 15 கிலோமீட்டர், இரண்டு நடைக்கு 30, நான்கு வாரத்தில் 120. பன்னிரண்டால் வகுத்தோம். சரியாக 10 லிட்டர்.

யீஷூனிலிருந்து அங் மோ கியோவுக்கு வடக்கு-தெற்கு ரயில் பாதையில் நேராகப் போகலாம், மாற வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை தாயும் மகளும் ரயிலில் போகிறார்கள். நோட்டில் பெட்ரோலுக்குக் கீழே 'ரயில், இருவர், போய்வர' என்று ஒரு புதிய வரி எழுதி, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.