வாரம் ஒரு சொல், நம் தெருவிலிருந்து ஒரு படம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இந்தப் புகைப்பட விளையாட்டை நடத்துபவர்கள் ‘நிழல்’, ‘வட்டம்’, ‘காத்திருப்பு’ என்று வாரத்துக்கு ஒரு சொல் கொடுப்பார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அதற்குப் பொருந்துகிற ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. செல்போன் போதும். இதற்காக எங்கேயும் பயணம் போக வேண்டாம், காய்கறி வாங்கப் போகிற தெருவே போதும் என்று உறுதியாகச் சொல்வேன். நான் இருப்பது மதுரையில், அதனால் உதாரணங்களும் இங்கிருந்தே வரும்.

1. சொல்லைத் தாளில் எழுதுங்கள்

போனை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். சொல்லை மேலே எழுதி, அதைக் கேட்டதும் நினைவுக்கு வருவதையெல்லாம் கீழே எழுதிக்கொண்டே போங்கள். ‘காத்திருப்பு’ என்றால் முதலில் பஸ் ஸ்டாப் வரும், அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தா, ரயில்வே பிளாட்பாரம். இவை எல்லோருக்கும் தோன்றுபவை. அடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் தெருமுனையில் வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் ஞாபகம் வரும். ஆட்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள், அவர்களுக்குப் பதிலாகக் குடங்கள் நிற்கும். கிட்டே போய்ப் பாருங்கள். யாருடையது என்று தெரிவதற்காக ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். இன்னொன்றில் பெயின்ட்டால் ஓர் எழுத்து. அடுத்ததில் சூடு வைத்து ஒட்டிய விரிசல். ஓர் ஆள்கூட இல்லாமல் காத்திருப்பு முழுவதும் படத்தில் வந்துவிடும்.

இந்த மாதிரி ஒன்று சிக்கும்வரை பட்டியலை மூடாதீர்கள். படம் எடுப்பதைவிட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

2. ஒரே தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எந்தக் கடை எப்போது திறக்கும், எந்தச் சுவரில் எப்போது வெயில் விழும் என்பதெல்லாம் பழகிய தெருவில்தான் தெரியும். செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஜோசப் சுதெக், பிராக் நகரில் இருந்த தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் ஆவி படிந்த நாள் ஒரு படம், அதற்கு வெளியே மரம் மங்கலாகத் தெரிந்த நாள் இன்னொரு படம். அவருக்கு ஒரு ஜன்னல் போதுமானதாக இருந்தது. நமக்கு ஒரு முழுத் தெருவே இருக்கிறது.

3. வெயில் வரும் திசையைப் பாருங்கள்

மதுரையில் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். வடக்கு மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கிழக்கு மேற்காக ஓடுவதால், காலை வெயில் தெருவின் நீளவாக்கில் வரும். சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் நீள நீளமாக நிழல் விழும். ‘நிழல்’ என்ற சொல் வந்தால் அங்கேதான் போவேன். கிழக்கு மாசியிலும் மேற்கு மாசியிலும் அப்போது ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் நிழல். உங்கள் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். அந்த நேரத்தில் ஏதாவது கடை ஓரமாக ஒதுங்கி எடுக்கலாம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மட்டும் வேண்டாம், மல்லிகைகூட நீலம் பூசியதாகத்தான் தெரியும்.

4. எடுக்கும்போது

முதலில் லென்ஸைத் துடையுங்கள். ஜூம் செய்வதற்குப் பதில் இரண்டு எட்டு முன்னால் போங்கள். தள்ளி நின்று ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டே ஒன்று என்று ஒரே பொருளை மூன்று தூரத்திலும் எடுங்கள்.

திரையில் பொருளைத் தொட்டால் ஃபோகஸ் ஆகும். பெரும்பாலான போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். ‘வெள்ளை’ என்று சொல் வரும் வாரம் இது கட்டாயம் தேவைப்படும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவித்து வைத்த மல்லிகை திரை முழுக்க நிறைந்தால், படத்தில் அது அழுக்குச் சாம்பலாகத் தெரியும். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் குணம். குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், பூ வெள்ளையாகும். அதே மல்லிகை ஒற்றைச் சரமாக இருட்டுச் சுவருக்கு முன்னால் தொங்கினால் நேர்மாறாக நடக்கும். இதழெல்லாம் வெளிறிப்போகும், அப்போது குறியைக் கீழே இழுக்க வேண்டும்.

5. ஆட்களை எடுத்தால்

“அக்கா, நீங்க பூக் கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டே எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையை எடுக்கலாம். பூ கட்டும் விரல்கள் வேகமாக ஓடும், ஆனால் நாரை இழுத்து முடிச்சை இறுக்கும்போது ஒரு கணம் நிற்கும். பொத்தானை அப்போது அழுத்துங்கள். எடுத்ததைக் காட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை.

6. ஒரே ஒரு படம்

எடுத்த அன்றே தேர்வு செய்யாமல் மறுநாள் பாருங்கள். சொல்லைச் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அப்புறம் இடம், தேதி, படத்தில் தெரியாத ஒரு தகவல், இந்த மூன்றை மட்டும் கீழே எழுதுங்கள். குடங்கள் படத்துக்கு ‘லாரி வந்தபோது மணி 11’ என்றால் போதும். அனுப்பும் முன் படத்தோடு சேர்ந்திருக்கும் இருப்பிட விவரத்தை நீக்கிவிடுங்கள். சொந்த வீட்டு வாசலில் எடுத்தது என்றால் இதை மறக்கவே கூடாது.