சைக்கிள் சாமானுக்குக் காசை எங்கே போடுவது?

எங்கள் ஒழுங்கையில் ஒரு மேசன் அண்ணை இருக்கிறார். பழைய றலி சைக்கிள், மட்கார்ட் முழுக்கத் துரு, ஆனால் சீற் மட்டும் விலைகூடின புறூக்ஸ் தோல் சீற். மழை தூறினால் முதலில் அதற்குத்தான் சொப்பிங் பை கட்டுவார், தன் தலையைப் பிறகுதான் பார்ப்பார். "வெளிநாட்டுக் காசு போல" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர் அதைச் சீட்டுக் காசில் வாங்கினவர், தினமும் அவ்வளவு தூரம் மிதிக்கிறவருக்கு இருக்கிற இடம் நோகக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே சாமானின் விலையைப் பார்த்து ஆளின் வசதியை அளக்க வேண்டாம், உங்கள் காசு எங்கே போகவேண்டும் என்று பாருங்கள்.

முதலில் றிம். குரோம் பூசின இரும்பு றிம் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும். ஒரு கார்த்திகை மழையில் சந்தியில் பிறேக்கை இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்கவேயில்லை, ஓட்டோ ஒன்றுக்குள் போக ஒரு முழம்தான் மிச்சம். அடுத்த கிழமையே அலுமினியம் றிம் போட்டேன். மினுக்கத்துக்காகப் போட்டேன் என்று நினைத்தார்கள், நினைக்கட்டும். கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கிற கம்பிப் பிறேக் உள்ள பழைய சைக்கிளில் றிம்மின் வடிவமே வேறு, பிறேக்கையும் சேர்த்து மாற்றவேண்டி வரும், அதைக் கடையில் முதலே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது செயின். இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுத்து, செயின் கண்ணிகளைக் கோக்கிற ஒரு ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். புதுச் செயின் என்றால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு ஆணியின் நடு சரியாக வந்து நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள், 1/8 வரை விட்டால் பல்லுச் சில்லுகளும் சேர்ந்து போய்விடும், அப்போது செலவு பல மடங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்கு மேலான பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடவேண்டும், உப்புக்காற்று விலை பார்த்து அரிக்காது.

சரி, கியர். யாழ். குடாநாட்டில் மலை இல்லை, கியர் கைகொடுப்பது வல்லை வெளியில் எதிர்காற்று அடிக்கும்போதுதான். ஷிமானோ கொம்பனியின் கியர்களில் மலிவான ரூர்னியிலிருந்து நடுத்தரமான டியோரே வரை ஏறும்போது வித்தியாசம் கைவிரலிலேயே தெரியும். அதற்கு மேலே, உச்சியிலுள்ள எக்ஸ்டிஆர் வரை பெரும்பாலும் எடையும் மெருகும்தான். ஆனாலும் மனது அதில்தான் நிற்கிறது என்றால் காசு சேர்த்து வாங்குங்கள், யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை.

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லாத நாட்களில், அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர். அந்த டைனமோ இப்போது என் புது ரயரில் உரசிக்கொண்டு ஓடுகிறது. மிதிக்கப் பாரம்தான், கழற்ற மாட்டேன்.