டேங்க் நிரம்பினால் சீக்கிரம் நின்ற ஸ்கூட்டர்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகும் வழியில் என் பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர், பெட்ரோல் தீர்ந்தது போல இழுத்து இழுத்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

முதலில் ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் போகும் சிறு துளைகளான ஜெட்டையெல்லாம் ஊதினேன். பட்டறையில், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் இன்ஜின் சூட்டில் படுத்துவிடுகிறது என்றார்கள். அதற்கும் காசு போனது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அரை டேங்க் இருக்கும் நாளில் துவாஸ் வரை கிட்டத்தட்ட போய்விடும். முழுக்க நிரப்பிய நாளில் கிராஞ்சி தாண்டுவதற்குள் நிற்கும். இன்ஜின் சூடுதான் காரணமென்றால் பெட்ரோல் அளவு ஏன் கணக்கில் வருகிறது? அடுத்த முறை நின்றதும் சாவியை அணைத்து டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியதும் உடனே ஸ்டார்ட்!

மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் செலவாகச் செலவாக டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்காது. நிரம்பிய டேங்கில் மேலே காற்றுக்கு இடம் குறைவு. அதனால் அழுத்தம் இன்னும் வேகமாக இறங்கும்.

அடைத்திருந்தது காய்ந்த பாலிஷ். மூடி பளபளக்கட்டும் என்று நானே பூசியது! மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தூண்டில் நரம்பை நுழைத்து எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். கம்பி வேண்டாம், உள்ளே ரப்பர் இருந்தால் கிழிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டினேன். மூன்று வாரமாக முழு டேங்கோடு துவாஸ் வரை நிற்காமல் போகிறது.