பலத்த காயம்: மருத்துவமனைக்குள் நேரம் தொலையும் இடங்கள்

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டால் ஆபத்து பாதி நீங்கியது என்று தோன்றும். ஆனால் வாசலுக்கும் அறுவை அரங்குக்கும் இடையில் தொலையும் நிமிடங்களும் உயிரைக் குடிக்கும்.

ரத்த அழுத்தம் இயல்பாக இருக்கிறதே என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. இளவயதினருக்கு ஏறத்தாழ 30 சதவீத ரத்தம் போகும்வரை ரத்தக் குழாய்கள் இறுகிச் சமாளிக்கும்; அதன் பிறகே மேல் அழுத்தம் சரியும். அதனால் நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். துடிப்பு 120, அழுத்தம் 110 என்றால் விடை 1.09. 0.9-ஐத் தாண்டினாலே உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். முதியவர்களிடமும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் துடிப்பு ஏறாமலே இருக்கலாம்; அங்கே இந்தக் கணக்கை நம்ப முடியாது. முதல் ஹீமோகுளோபின் அளவும் ஏமாற்றும். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்தே வெளியேறுவதால் செறிவு உடனே குறைவதில்லை.

அழுத்தம் விழுந்ததும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுவது அடுத்த தவறு. அது உறைய வைக்கும் காரணிகளை நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிர்விக்கிறது, அப்போதுதான் படிந்த ரத்தக்கட்டியையும் பெயர்க்கிறது. ரத்தம் போனவருக்கு ரத்தமே தேவை: சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு (பிளேட்லெட்) மூன்றும் ஏறத்தாழ சம அளவில். தலைக்காயம் இல்லாவிட்டால், கசிவை நிறுத்தும்வரை மேல் அழுத்தம் 80–90 போதும். தலையில் அடிபட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மூளைக்கு ரத்தம் போக 110-க்குக் குறையாமல் காக்க வேண்டும்.

படிந்த ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் மருந்து டிரானெக்சாமிக் அமிலம்: 10 நிமிடத்தில் 1 கிராம், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம். இதைத் தொடங்குவதற்கான 3 மணி நேரக் கெடு, அடிபட்ட நொடியிலிருந்து ஓடுகிறது. பதிவேட்டில் பெயர் எழுதிய நேரத்திலிருந்து அல்ல. காயமடைந்தவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் தரவில், 3 மணி நேரத்துக்குப் பின் மருந்து பெற்றவர்களிடையே ரத்தப்போக்கு மரணம் கூடியிருந்தது. ஆகவே அடிபட்ட நேரத்தை அழைத்து வந்தவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

ரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிலைக்காத நோயாளியை சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். படுக்கையருகே அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் திரவம் தெரிந்தால் நேரே அறுவை அரங்குதான். அறுவை வசதியே இல்லாத இடத்தில் ‘ஸ்கேன் எடுத்து அனுப்பலாம்’ என்பது இன்னும் மோசம். எடுத்த படத்தை வைத்து அங்கே யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. பெரிய மையத்துக்கு உடனே போன் போடுங்கள். வண்டி வருவதற்குள், இடுப்பெலும்பு முறிவுக்காகச் சுற்றிய பட்டையைச் சரிபாருங்கள்: அது தொடை எலும்பின் மேற்புடைப்புக்கு நேராக இருக்க வேண்டும், பெல்ட் கட்டும் இடத்தில் அல்ல.